விரைவு விமானப் பயிற்சி: ஆய்ந்து சேரும் வழி

பிழைப்பின் பொருட்டும் உறவின் பொருட்டும் எல்லை கடந்து வந்து, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சிற்றூர்களில் நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. தந்தை வளைகுடா நாட்டிலோ, வடநாட்டு நகரத்திலோ உழைக்க, தாய் வீட்டையும் நிலத்தையும் காத்து நிற்க, பிள்ளைகள் கல்வியில் முன்னேறி வருகின்றனர். ஆசிரியர் வேலை, ரயில்வே வேலை, தாதியர் தொழில் என்ற வட்டத்திற்குள் நின்ற நம் பிள்ளைகளின் விருப்பம் இன்று விமானம் ஓட்டும் தொழிலையும் நாடுகிறது. இது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் இவ்விருப்பத்தோடு கூடவே வீடு தேடி வருவன சில விளம்பரத் தாள்கள். "பன்னிரண்டே மாதத்தில் விமானி", "விரைவுப் பயிற்சி", "வேலை உறுதி" என்றெல்லாம் அவை முழங்குகின்றன. அவற்றை நம்பி நிலத்தை ஈடு வைப்பதற்கு முன், பள்ளியை அளந்து பார்க்கும் முறையை அறிந்துகொள்ளுதல் ஒவ்வொரு பெற்றோருக்கும் கடமையாகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். வானத்தில் போடும் பணத்தை அளவாமல் போடலாமோ?

நமக்கு அண்மையில் உள்ள மரபு

விமானத் தொழில் நமக்கு முற்றிலும் அயலானதன்று. இந்நாட்டில் முதன்முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா, ஆண்டு 1929. அவர் 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏந்தி விமானம் ஓட்டி வந்தார். மூன்றே ஆண்டுகளில், 1935-இல், டாட்டா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. திருவிதாங்கூரில் விமானக் கலை வேரூன்றப் பெரிதும் பாடுபட்டவர் கோதவர்ம ராஜா ஆவார். விளையாட்டுத் துறைக்கும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. 1971-ஆம் ஆண்டு குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார்.

தமிழ் மகளிர்க்கும் இதில் பங்குண்டு. பெங்களூரை அடுத்த ஜக்கூரில் அரசினர் பறத்தல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றபோது, அதன் தலைமையை ஏற்றவர் வி. சுந்தரம் என்னும் விமானி. அப்பள்ளியில் பயின்று 1949-இல் தேர்ச்சி பெற்றவர் அவர்தம் துணைவியார் உஷா சுந்தரம். கணவனும் மனைவியுமாக இவர்கள் 1951-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானம் ஒன்றை இருபத்தேழு மணி நேரத்தில் ஓட்டிவந்து புகழ் பெற்றனர். ஆகவே, "பெண்பிள்ளைக்கு இது ஏற்குமா?" என்று இன்றும் ஐயுறும் பெற்றோர், அவ்வினாவிற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது என்பதை உணர்வாராக.

முதலில் கண், பின்னர் காசு

நம் ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுவோர்க்கு ஏ-ஒன்று என்னும் மருத்துவத் தரம் வகுக்கப்பட்டுள்ளது. எழுத்துத் தேர்வில் நன்மதிப்பெண் பெற்றும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமையால் திரும்பிச் சென்ற இளைஞர் பலர். நிற வேற்றுமை அறியாக் குறை பிறவியிலேயே வருவது. ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. அக்குறை உடையவரே அதனை அறியாமல் இருபது ஆண்டு வாழ்ந்திருக்கக்கூடும்.

விமானத் தொழிலிலும் இஃதே நிலை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஏற்றுக்கொண்ட மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று பெறவேண்டும். பின்னர், வாணிப விமானி உரிமத்திற்கு முதல் வகுப்புச் சான்று வேண்டும். பெங்களூரில் உள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற, இதற்கெனக் குறிக்கப்பெற்ற இடங்களில் இச்சோதனை நடைபெறும். கண், செவி, இருதயம், இரத்த அழுத்தம், நரம்பு ஆகிய அனைத்தையும் ஆராய்வர். கண்ணாடி அணிவதால் மட்டுமே ஒருவர் தகுதி இழப்பதில்லை; குறை எவ்வளவு, அது சரிப்படுத்தத்தக்கதா என்பதே ஆராயப்படுகிறது.

இவ்விரு சோதனைகளுக்கும் ஆகும் செலவு, பள்ளிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கடலில் ஒரு துளி. எனவே, முதல் வகுப்புச் சான்று கைக்கு வருமுன் எந்தப் பள்ளிக்கும் பெருந்தொகை செலுத்தலாகாது. "முதலில் சேருங்கள், மருத்துவம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பள்ளியினின்று எழுந்து வந்துவிடுதல் நலம்.

கல்வித் தகுதியையும் முன்னரே தெளிந்துகொள்க. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் வேண்டும் என்பது நெடுங்கால விதி. வணிகவியலோ கலைப்பிரிவோ பயின்ற மாணவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக அவ்விரு பாடங்களையும் எழுதித் தகுதி பெற்று வந்துள்ளனர். இவ்விதியைத் தளர்த்தும் ஆலோசனை 2025-ஆம் ஆண்டில் எழுந்தது. ஆதலின், சேரும் நாளில் இயக்குநரகத்தின் அறிவிப்பு எவ்வாறுள்ளது என்று நேரில் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இருநூறு மணி

வாணிப விமானி உரிமம் பெறுவதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருத்தல் வேண்டும். மொத்தம் 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப்பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்கவேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லும் நெடும்பறப்பு 50 மணி; கருவிகளை மட்டுமே நோக்கிப் பறத்தல் 10 மணி; இரவுப் பறப்பு 5 மணி என்றவாறு அவை வகுக்கப்பட்டுள்ளன. இவற்றோடு வான்வழி அறிதல், வானிலையியல், விமானச் சட்டங்கள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உள. நூற்றுக்கு எழுபது மதிப்பெண் பெற்றாலன்றித் தேர்ச்சி இல்லை. வானொலித் தொடர்புக்கான உரிமமும் தனியே பெறவேண்டும்.

வானொலியில் பேசும் மொழி ஆங்கிலம். தமிழ்வழியிலோ மலையாளவழியிலோ பயின்ற பிள்ளைகள் இதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இலக்கிய நயம் அங்கே வேண்டப்படுவதில்லை. கேட்டதைப் பிழையறப் புரிந்துகொண்டு, குறித்த சொற்களில் தெளிவாகத் திருப்பிச் சொல்லும் பழக்கமே வேண்டும். பள்ளியில் சேர்வதற்கு முன் ஆறு திங்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் உரக்கப் படித்துப் பேசிப் பழகினால் பெரும்பாலும் போதும்.

மாதக் கணக்கும் மணிக் கணக்கும்

இனி, "விரைவு" என்னும் சொல்லை ஆராய்வோம். கால அட்டவணையில் வண்டியின் நேரத்தை அச்சிடுவது எளிது. அந்நேரத்தில் வண்டி வந்து சேர்வதற்கு எஞ்சின் வேண்டும், பெட்டிகள் வேண்டும், ஓட்டுநர் வேண்டும், முன்னே பாதை காலியாக இருக்கவேண்டும். பறத்தல் பள்ளியின் "பன்னிரண்டு மாதம்" என்பதும் அத்தகைய அட்டவணையே. அதனை நிறைவேற்றும் பொருள்கள் பள்ளியில் உள்ளனவா என்று பார்ப்பதே நம் வேலை.

கணக்கு மிக எளியது. ஒரு பள்ளியில் நாள்தோறும் பறக்கும் நிலையில் ஐந்து விமானங்கள் உள என்று கொள்வோம். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் பறக்கிறது. மழை, காற்று, விடுமுறை போக மாதத்திற்கு இருபத்திரண்டு நாள் பறக்கலாம். ஐந்தை நான்கால் பெருக்கி, அதனை இருபத்திரண்டால் பெருக்கினால் 440 மணி. இதுவே அப்பள்ளி ஒரு மாதத்தில் தரக்கூடிய மொத்தப் பறப்பு நேரம்.

அங்கே பயிலும் மாணவர் 25 பேராயின், ஒருவருக்கு மாதம் பதினேழரை மணிக்குச் சற்று மிகுதியாகக் கிடைக்கும். 200 மணியும் ஓராண்டிற்குள் முடிந்துவிடும். அதே பள்ளியில் 60 மாணவரைச் சேர்த்துவிட்டால் ஒருவருக்கு ஏழேகால் மணிக்குச் சற்று மேலாகவே கிடைக்கும்; 200 மணி முடிய இருபத்தேழு மாதங்கள் செல்லும். விமானம் அவையே, ஆசிரியர் அவரே, விளம்பரத் தாளும் அதுவே. மாணவர் தொகை ஒன்றே மாறியது. ஓராண்டு என்பது ஈராண்டைக் கடந்துவிட்டது!

விரைவுப் பயிற்சி இயலாத ஒன்று என்று இதற்குப் பொருளில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கனடா நாட்டில் பிரிட்டிஷ் பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டம் நடைபெற்றது. தொடக்கநிலை மாணவர் எட்டு வாரத்தில் ஏறக்குறைய ஐம்பது மணி நேரம் பறந்தனர். அத்திட்டத்தில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் விமானப் பணிக்குப் பயிற்சி பெற்று வெளிவந்தனர். அவ்விரைவுக்குக் காரணம், விமானங்களையும் ஆசிரியர்களையும் ஓடுபாதைகளையும் அரசுகள் வாரி வழங்கியமையே. அங்ஙனம் இருந்தும், பயிற்சியின்போதே எண்ணூற்றுக்கு மேற்பட்ட இளைஞர் மாண்டனர். ஆக, விரைவுக்கு வேண்டிய பொருள் வளம் முதலில் இருத்தல் வேண்டும். அதன்மேல் காவலும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத விரைவு விளம்பரத்தில் மட்டுமே உள்ள விரைவாகும்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

பாறசாலையை அடுத்த சிற்றூரில் வாழும் ஒரு குடும்பத்தார், இரண்டாண்டுகளுக்கு முன் இத்தகைய விளம்பரத் தாள் ஒன்றுடன் என்னை அணுகினர். தந்தை வளைகுடா நாட்டில் பணிபுரிபவர். தாய்வழி வந்த நாற்பது சென்ட் தென்னந்தோப்பே அவர்களுடைய உடைமை. பள்ளியோ முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டிருந்தது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டா.

நாங்கள் பள்ளிக்கு நான்கே கேள்விகளை எழுதியனுப்பினோம். பதில் வரச் சில வாரங்கள் ஆயின. பதிவேட்டில் இருந்த விமானங்கள் எட்டு. நாள்தோறும் பறப்பவை மூன்று. ஏனையவை எஞ்சின் பழுதுபார்ப்புக்காகவும் உதிரிப்பொருள்களுக்காகவும் காத்து நின்றன. மாணவர் நாற்பத்தெண்மர். மேற்சொன்ன கணக்கின்படி மாதத்திற்கு ஐந்தரை மணி. இருநூறு மணி முடிய மூன்றாண்டு!

அந்த அம்மையார் ஏட்டுப்படிப்பு மிகுதியாக இல்லாதவர். கணக்கைக் கேட்டுவிட்டு அவர் மகனிடம் சொன்னது ஒன்றே: "மக்களே, தோப்பு போனாலும் நீ படிச்சு வந்தா திரும்ப வாங்கலாம். மூணு வருஷம் போனா அத எங்க போய் வாங்குவ?" மகன் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே மருத்துவச் சோதனைக்குப் பெயர் பதிந்துகொண்டான். முதல் வகுப்புச் சான்று கிடைத்த பின், பறந்த மணிக்கேற்பக் கட்டணம் வாங்கும் வேறொரு பள்ளியில் சேர்ந்தான். அப்பள்ளி பதினெட்டு மாதம் என்று சொன்னது. பன்னிரண்டு என்று சொல்லவில்லை. இன்று அவன் தனியே விமானம் ஓட்டும் நிலையை எய்திவிட்டான். தோப்பின் பத்திரம் வங்கியில்தான் உள்ளது; ஆயினும் கடன் தவணை தவணையாகவே ஏறுகிறது.

வானமும் ஓடுபாதையும்

பள்ளி அமைந்துள்ள இடமும் பெரிதும் கருதத்தக்கது. நமக்கு மிக அண்மையில் உள்ளது திருவனந்தபுரத்தில் கேரள அரசின் பொறுப்பில் அமைந்த ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்பக் கழகம். நெய்யாற்றின்கரையினின்று ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வீட்டிலிருந்தே சென்று வரும் வாய்ப்பும் உண்டு. விடுதிச் செலவு மிச்சம் என்பது சிறு நன்மையன்று. எனினும், பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதையைப் பயன்படுத்தும் எந்தப் பள்ளியிலும் பெருவிமானங்களுக்கே முதலிடம். விரைவு வண்டி வரும்போது சரக்கு வண்டி பக்கப்பாதையில் நிற்பதைப் போன்று, பயிற்சி விமானம் காத்து நிற்கும். அதற்கு ஈடாக, நெரிசல் மிக்க வான்வெளியில் கட்டுப்பாட்டு நிலையத்தாருடன் பேசிப் பழகும் பயிற்சி இளமையிலேயே கைவருகிறது.

நம் பகுதிக்கு மழையும் இரண்டு. சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவம். தாழ்ந்த மேகமும் பெருமழையும் தொடக்கநிலை மாணவனைத் தரையில் நிறுத்திவிடும். வடநாட்டிலோ குளிர்காலப் பனிமூட்டம் அதே வேலையைச் செய்கிறது. உத்தரப் பிரதேசத்து புர்சத்கஞ்சில் மத்திய அரசு 1985-ஆம் ஆண்டில் நிறுவிய இந்திரா காந்தி தேசியப் பறத்தல் கழகம் பெயர் பெற்றது. நுழைவுத் தேர்வு எழுதியே அதில் இடம்பெற இயலும். அங்கும் திசம்பர், சனவரித் திங்களில் பனிமூட்டத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும். மகாராட்டிரத்துக் கோந்தியாவிலும் ஒரு பெரிய பள்ளி உளது. எல்லா இடத்திற்கும் ஒரு குறை உண்டு; எந்தக் குறை எத்தனை நாளைக் கவர்கிறது என்பதே கேள்வி. கடந்த ஆண்டில் மாதந்தோறும் பள்ளி மொத்தம் எத்தனை மணி பறந்தது என்று கேட்டால், விடை அதில் அடங்கிவிடும்.

பணம் கட்டும் முறை

இன்று இந்நாட்டில் இப்பயிற்சிக்கு ஆகும் செலவு அரைக்கோடி ரூபாயை ஒட்டி நிற்கிறது. சில இடங்களில் அதனையும் மீறுகிறது. உரிமம் பெற்ற பின், பெருவிமானம் ஒன்றின் வகைக்கென்று தனிப்பயிற்சி பெறுவதற்கு மேலும் பத்து இலட்சத்துக்கு மேல் ஆகும். விளம்பரத் தாளில் இப்பிற்செலவு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

வங்கிகள் கல்விக்கடன் தருகின்றன. பொதுவாக ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு நிலமோ வீடோ ஈடாகக் கேட்பர். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டுவதில்லை என்பது உண்மை. ஆயினும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நாற்பது இலட்சத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சம். பன்னிரண்டு மாதத்தில் முடியவேண்டிய பயிற்சி இருபத்தேழு மாதத்திற்கு நீண்டால், அந்தப் பதினைந்து மாதத்தின் வட்டி மட்டுமே ஐந்து இலட்சம். ஊதியம் பெறாமல் கழிந்த காலம் வேறு. தாமதம் என்பது பொறுமைக்கு மட்டும் சோதனையன்று; பத்திரத்துக்கும் சோதனை.

ஆதலின், முழுப்பணத்தையும் முன்னரே செலுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாகாது. பறந்த மணிக்கேற்பத் தவணை. இடையில் விலகினால் எஞ்சிய தொகை எத்தனை நாளில் திரும்பும். எரிபொருள் விலை ஏறினால் யார் பொறுப்பு ஆகியவை எழுத்தில் இருக்கவேண்டும். வாய்மொழி உறுதி காற்றோடு போய்விடும்.

எல்லைப்புறக் குடும்பங்களுக்கு மற்றொன்றும் சொல்லவேண்டும். கேரள அரசு, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடி மாணவர் சிலருக்கு விமானிப் பயிற்சிக்கென்று உதவித்தொகை அளித்து வந்துள்ளது. இத்தகைய மாநில உதவிகள் அம்மாநிலத்துச் சாதிச் சான்றையும் இருப்பிடச் சான்றையும் சார்ந்தவை. தமிழ்நாட்டில் பெற்ற சான்று இங்கே செல்லாமற் போகலாம். இங்கே பெற்றது அங்கே செல்லாமற் போகலாம். 1956 நவம்பர் முதல் நாளில் எல்லை வகுக்கப்பட்டபோது இப்பக்கம் நின்ற குடும்பமா, பின்னர் குடியேறிய குடும்பமா என்பதை ஆவணங்களால் காட்டவேண்டி வரும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே கிராம அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் இதனைச் சீர்செய்து வைத்தல் அறிவுடைமை.

அயல்நாட்டுப் பள்ளிகள்

அமெரிக்கா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் விமானமும் ஆசிரியரும் மிகுதி; வானமும் பல இடங்களில் தெளிவு. ஆகவே, அங்கே சில மாதங்களில் பயிற்சி முடிவது உண்மையாகவே நடைபெறுகிறது. ஆனால் அங்கு பெற்ற உரிமத்தோடு இங்கே பறக்க இயலாது. இந்திய உரிமமாக அதனை மாற்றிக்கொள்ள இந்நாட்டுத் தேர்வுகளை எழுதவேண்டும். மருத்துவச் சான்று, சோதனைப் பறப்பு ஆகியனவும் உண்டு. இம்மாற்றத்துக்கு ஆகும் மாதங்களையும் கணக்கில் கூட்டினாலன்றி உண்மையான காலம் தெரியாது. இந்நாட்டுத் தேர்வுகளைப் புறப்படுமுன் எழுதி முடித்துச் செல்வோர் நாள்களை மிச்சப்படுத்துகின்றனர்.

பயிற்சி முடிந்ததும் அமெரிக்காவிலேயே வேலை கிடைக்கும் என்று எண்ணுதலும் தவறு. 2009-ஆம் ஆண்டு பஃபலோ நகரருகே நேர்ந்த விமான விபத்துக்குப் பின் அந்நாடு விதியை இறுக்கியது. பயணியர் விமானக் கம்பெனியில் சேர அங்கே பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு வேண்டும். இருநூற்று ஐம்பது மணியோடு நிற்கும் அயல்நாட்டு இளைஞனுக்கு அக்கதவு எளிதில் திறவாது.

குறிப்பேட்டின் மெய்ம்மை

விமானியின் செல்வம் அவனுடைய பறப்புக் குறிப்பேடு. 2011-ஆம் ஆண்டு இந்நாட்டில் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற சிலர் பிடிபட்டனர். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த செய்தியும் அப்போது வெளிவந்தது. உரிமங்கள் பறிக்கப்பட்டன, சிலர் சிறை சென்றனர்.

விரைவை விரும்பும் மாணவனுக்கு இதுவே பெருஞ்சோதனை. "முப்பது மணியை எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியும்?" என்று எவரேனும் சொன்னால், அவர் நண்பராகார். புதிய பிரிவில் வண்டி ஓட்டுமுன் ரயில் ஓட்டுநர் அப்பாதையைப் பன்முறை சென்று கற்றாக வேண்டும். வளைவும் ஏற்றமும் எழுத்தில் கற்கப்படுவதில்லை. வானத்தில் அவன் கற்காத முப்பது மணி, ஒருநாள் நூற்றைம்பது பயணியரோடு அவன் முன்னே வந்து நிற்கும்.

உரிமத்துக்குப் பின்

தொழில் வளர்ந்து வருவது மெய்யே. 2023-ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் கொள்முதல் அறிவித்தன. ஆனால் கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் பறப்பை நிறுத்தின. அப்போதெல்லாம் ஆயிரக்கணக்கான மணி பறந்த மூத்த விமானிகளே வேலை தேடி நின்றனர். புதியவர் அவர்களுக்குப் பின்னே நின்றனர். எந்தப் பள்ளியாலும் வேலையை உறுதி செய்ய இயலாது. உரிமம் பெற்றபின் ஈராண்டு காத்திருக்க நேரினும் குடும்பம் தாங்குமா என்பதைப் பெற்றோர் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும்.

பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடும் முறையை இயக்குநரகம் 2025-இல் தொடங்கியுள்ளது. முதல் பட்டியலில் உயர்ந்த இரு தரங்களையும் எந்தப் பள்ளியும் எட்டவில்லை என்பது நம்மை எச்சரிக்கத்தக்கது. பள்ளியின் சொல்லைக் கேட்குமுன் அப்பட்டியலைப் பார்ப்பது நன்று.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெற்றோர் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லத்தக்க கேள்விகள் இவை:

1. இன்று பறக்கும் நிலையில் உள்ள விமானங்கள் எத்தனை? பதிவேட்டில் எத்தனை?
2. மாணவர் எத்தனை பேர்? இவ்வாண்டு இன்னும் எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள்?
3. முழுநேரப் பயிற்றாசிரியர் எத்தனை பேர்? தலைமைப் பயிற்றாசிரியர் பள்ளியிலேயே உள்ளாரா?
4. கடந்த ஆண்டில் மாதந்தோறும் பறந்த மொத்த மணி எவ்வளவு?
5. கடைசியாக உரிமம் பெற்ற பத்து மாணவருக்கு எத்தனை மாதம் ஆயிற்று?
6. பணம் எத்தவணையில்? திரும்பும் விதி எழுத்தில் உண்டா?
7. கடந்த ஐந்தாண்டில் விபத்து நேர்ந்ததா? அதன்பின் என்ன திருத்தினீர்கள்?

இவற்றைக் கேட்டபின், அலுவலகத்தினின்று வெளியே வந்து அங்கே பயிலும் மாணவர் இருவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று, "தம்பி, சென்ற மாதம் எத்தனை மணி பறந்தீர்கள்?" என்று கேளுங்கள். அலுவலகத்தின் விடையும் அவர்களுடைய விடையும் ஒத்திருந்தால் அப்பள்ளியை நம்பலாம்.

நம் பிள்ளைகள் வானில் பறக்கவேண்டும் என்பதே நம் அனைவரின் விருப்பமும். பதறாத காரியம் சிதறாது. ஆய்ந்து தெளிவதில் செலவாகும் மூன்று மாதம், பின்னர் வீணாகக்கூடிய மூன்றாண்டைக் காக்கும். இக்கட்டுரையை உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.